மென்பொருள் வெளியீட்டில் பிறர் நிரலக உரிமக் குறிப்பு

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் அதன் பாயிரத்தை நோக்குதல் தமிழ் மரபு. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியன எட்டு என நன்னூல் வகுக்கின்றது. அவற்றுள் ஆக்கியோன் பெயர் ஒன்று, வழி மற்றொன்று. வழியாவது, ஒரு நூல் எதனைப் பின்பற்றி எழுந்தது என்பது. இவ்விரண்டும் மறையின் நூலின் வரலாறே மயங்கும் என்பதைத் தமிழ் பயில்வார் அறிவர். இக்கால மென்பொருள் வெளியீட்டிலும் இவற்றிற்கு நிகரான பகுதி ஒன்றுண்டு. சொல்லடைவும் தொடரடைவும் கணிப்பொறியால் ஆக்கப்பெறும் இந்நாளில், அதன் இயல்பை அறிதல் தமிழ்த் துறையினர்க்கும் கடனாகும்.

மூலநிரலை எவரும் கண்டு, பயன்கொண்டு, மாற்றி, மீண்டும் வழங்க இசைவு பெற்ற மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படும். இதனை ஆக்குவோர் முற்றிலும் தாமே எழுதுவது அரிது. கோப்பைச் சுருக்குதல், எழுத்துகளைத் திரையில் வரைதல், தரவைத் தேடுதல் முதலிய பொதுவினைகளுக்குப் பிறர் முன்னரே எழுதிவைத்த நிரல்தொகுதிகளை எடுத்தாளுவர். அத்தொகுதியை லைப்ரரி என்றும் நிரலகம் என்றும் வழங்குவர். விலையின்றிக் கிடைப்பதால் அஃது உடையவர் அற்றது எனக் கொள்ளுதல் பிழை. பதிப்புரிமை ஆக்கியோரிடமே நிற்கின்றது. உரிமம் என்பது அவர் வகுத்த நெறிகளுக்கு உட்பட்ட இசைவே ஆகும்.

அந்நெறிகள் ஒருதன்மையன அல்ல. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருங்கியது. ஆயினும் பதிப்புரிமைக் குறிப்பும் இசைவுக் குறிப்பும் எல்லாப் படிகளிலும் இடம்பெற வேண்டும் என்கின்றது. பி.எஸ்.டி. உரிமம், மூலநிரலை விடுத்து இயங்குவடிவத்தை மட்டும் வழங்கும்போதும், உடன்வரும் ஆவணங்களில் அக்குறிப்பைத் தருமாறு விதிக்கின்றது. 2004-இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்போ, மூலத்தில் நோட்டீஸ் என்னும் கோப்பு இருப்பின் அதிலுள்ள உரிய குறிப்புகளையும் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், மாற்றிய கோப்புகளில் மாற்றம் செய்தமை புலப்பட வேண்டும் என்றும் கூறும். எழுத்துருவும் இதற்கு விலக்கன்று. நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வழங்குவன. மென்பொருளோடு சேர்த்து அவற்றை விற்கலாம். தனித்து விற்றல் கூடாது. படிதோறும் பதிப்புரிமைக் குறிப்பும் உரிமமும் உடன்செல்லல் வேண்டும்.

ஈண்டுப் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. பத்து நிரலகங்கள் எம்.ஐ.டி. உரிமம் உடையனவாயின், அவ்வுரிமத்தின் பெயரை ஒருமுறை எழுதினால் போதும் எனக் கருதுவர். அது போதாது. பத்திற்கும் உரிமத்தின் வாசகம் ஒன்றே ஆயினும், அதன் தலைப்பில் நிற்கும் ஆண்டும் பெயரும் வேறுவேறு. பெயரை விடுத்து வாசகத்தை மட்டும் காத்தல், ஆக்கியோனை விடுத்து ஏட்டைக் காத்தல் போல்வதாம்.

குறிப்பு இடம் மாறிப் பெருகினால் சுமையாதலும் உண்டு. பழைய பி.எஸ்.டி. உரிமம், மென்பொருளைச் சுட்டும் விளம்பரங்களிலும் நன்றியுரைத் தொடர் ஒன்று வரவேண்டும் என்றது. பிறரும் தத்தம் பெயரை அமைத்து அவ்விதியைப் பின்பற்றினர். 1997-ஆம் ஆண்டைய நெட்பி.எஸ்.டி. பதிப்பு ஒன்றில் இத்தகைய தொடர்கள் எழுபத்தைந்து இருந்ததாக ரிச்சர்டு ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவ்விதியை நீக்கியது. நீங்கியது விளம்பர விதியே; ஆவணத்தில் குறிப்புத் தரும் விதி நிலைத்தது.

குறிப்பை விடுத்தல் வெறும் மரியாதைக் குறைவா, உரிமை மீறலா என்னும் வினாவிற்கு ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்னும் அமெரிக்க வழக்கு விடை தருகின்றது. மாதிரி இரயில்களைக் கணிப்பொறியால் இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் திறமூலத் திட்டத்தின் கோப்புகள், பிறரது விற்பனை மென்பொருளில் எடுத்தாளப்பட்டன. ஆசிரியர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, மூலம் இன்னது என்னும் சுட்டு, செய்த மாற்றம் ஆகியன அங்கு இடம்பெறவில்லை. இஃது ஒப்பந்த மீறலே என 2007-இல் கீழ்நீதிமன்றம் கருதியது. 2008 ஆகஸ்டு 13-இல் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி, அந்நெறிகள் இசைவின் நிபந்தனைகளே என்றது. பணம் கைமாறாமை கொண்டு ஆக்கியோர்க்குப் பொருட்பயன் இல்லை எனக் கருதலாகாது என்றும் விளக்கியது. எனவே, நிபந்தனை தவறின் இசைவும் இல்லையாகும். இசைவின்றி எடுத்தல் பதிப்புரிமை மீறலாகும்.

இனி, குறிப்பை அமைக்கும் முறையைக் காண்போம். ஒவ்வொரு நிரலகத்திற்கும் பெயர், பதிப்பெண், பெற்ற இடம், பதிப்புரிமை வரி, உரிமத்தின் முழுவாசகம், மாற்றம் செய்ததுண்டாயின் அதன் விவரம் ஆகியவற்றைத் தருக. உரிமப் பெயர்கள் மயங்காமல் இருத்தற்கு எஸ்.பி.டி.எக்ஸ். என்னும் குறியீட்டு முறை உதவும். அது 2021-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. பட்டியலைத் தானே தொகுக்கும் கருவிகளும் உள. ஆயினும் நிரலகத்தின் முகப்பில் கூறிய உரிமமும் உள்ளிருக்கும் கோப்பின் உரிமமும் மாறுபடுதல் உண்டு. ஒரு நிரலகத்தினுள் வேறு நிரலகங்கள் அடங்கியிருத்தலும் உண்டு. இவற்றை மூலத்தோடு ஒப்புநோக்கியே துணிதல் வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியோர்க்கு இப்பணி புதிதன்று. நிரலகத்தை ஏற்கும் அன்றே குறிப்பை எழுதுதலும், வெளியீடுதோறும் திருத்துதலும் நன்று. இறுதியில் தேடின் பெயர்கள் சில தப்பிப்போம்.

திறமூல ஆக்கியோர் பலர்க்குக் கைம்மாறாக எஞ்சுவது அப்பெயர் வரி ஒன்றே. தம் உழைப்பை உலகிற்குப் பொதுவாக்கிய ஒருவர் வேண்டுவது அஃதாயின், அதனைக் காத்தல் வெளியிடுவோரின் முதற்கடமை. துறையின் பெயரால் மென்பொருள் வெளியிட முற்படும் ஆய்வு மாணவர், மூலநூலைச் சுட்டுதலில் காட்டும் கண்டிப்பை ஈண்டும் காட்டுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.