காலி டின்ல ஒரு கருவாட்டு டிரையர்

காரைக்கால் வெயில்லயே கருவாடு காயுதே, ஹீட்டர் எதுக்குன்னு கேட்பீங்க. சிக்கல் கடல்காற்றின் ஈரம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினா, ஈரப்பதம் சுமார் 35 சதவீதமா இறங்கும். மீனிலுள்ள தண்ணியை வேகமா இழுக்கும்.

நம்ம ஊர்ல காலி பீர் டின்னுக்குப் பஞ்சமில்ல. இருபக்க மூடியையும் வெட்டி, குழாயா ஒட்டி, பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடிங்க. மரப்பெட்டியில் அடியில் உமி நிரப்பி, குழாய்களை அடுக்கி, மேல கண்ணாடி போட்டு, தெற்கு பார்த்துச் சாய்ச்சு வைங்க. கீழே நுழையும் காற்று சூடாகித் தானா மேலேறும், ஃபேன் வேண்டாம். மேல்முனையில் வலைத்தட்டோட மீன்பெட்டி. ஈரக்காற்று வெளியேற அதுக்கொரு புகைபோக்கி.

தெர்மாமீட்டர் கட்டாயம். 50 டிகிரி தாண்டினா மீன் வேக ஆரம்பிக்கும். வெளியே இறுகி, உள்ளே ஈரம் தங்கி அழுகும். சூடு கூடினா காற்றுவழியைப் பெரிசாக்குங்க. மணலும் ஈயும் ஒட்டாத கருவாடு கிடைக்கும்.