பியோனி இங்கே ஏன் இல்லை?

யுனானி மருத்துவர்கள் 'ஊத் சலீப்' என்று அழைத்து, வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் வேர் பியோனிச் செடியுடையது. அந்த மருத்துவத்துக்கென 1984-இல் அமைக்கப்பட்ட தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் பெங்களூரில்தான் இருக்கிறது. செடிக்கோ இவ்வூர் ஒத்துவராது. நம் நாட்டு இனமான இமயப் பியோனி மேற்கு இமயத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரக் காடுகளில் வாழ்வது. பனிக்காலத்தில் தண்டு மடிந்துவிடும். மண்ணுக்குள் உறங்கும் மொட்டு, பல வாரக் கடுங்குளிர் பட்ட பிறகே விழிக்கும். விதையும் அப்படியே: வெதுவெதுப்பில் முதலில் வேர் விட்டு, குளிரைக் கடந்த பின்பே முளை காட்டும். பெங்களூரின் ஜனவரி இரவுகள் சராசரியாக 15 டிகிரி அளவிலேயே நிற்கின்றன. அது போதாது.

இவ்வூர் லால்பாக் தாவரவியல் பூங்காவில் எத்தனையோ அயல்நாட்டு மரங்கள் தழைக்கவில்லையா எனலாம். அவற்றுள் பல வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை. பனியை எதிர்பார்ப்பவை அல்ல. தொட்டியோடு குளிர்பதன அறையில் வைக்கலாம் என்பது இன்னும் வலுவான வாதம், பூக்கவும் கூடும். ஆனால் மருந்துக்கு வேண்டியது வேர். அது பருக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை செயற்கைக் குளிர் கட்டுபடியாகாது. காட்டில் தோண்டினாலோ செடியே போய்விடும். ஆகவே மலை விவசாயிகள் நீர் தேங்காத நிலத்தில், மொட்டின் மேல் 5 செ.மீ.க்கு மிகாமல் மண் மூடிப் பயிரிடுவதே சரியான வழி. வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவ்வேரை உட்கொள்ள வேண்டாம். எடுத்துவரும் மருந்தையும் நிறுத்த வேண்டாம்.