முடி பேரனுக்கு, ஆட்சி பாட்டிக்கு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் ஒரு வாரிசுக் கதை சிற்பங்களாக ஓடுகிறது. 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் பிள்ளையில்லாமல் இறந்துபோனான். அமைச்சர்களும் கடிகையாரும் (கல்விச் சபையாரும்) காடு மலை கடந்து, பல்லவர் கிளையொன்றைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், ஆள ஒரு மகனைக் கேட்டார்கள். மூத்தவர்கள் மறுத்துவிட, 12 வயதுக் கடைக்குட்டி சம்மதித்தான். கொண்டுவந்த முடிகளைப் பார்த்து, இவை என்ன யானைத் தலைகளா என்று தகப்பன் திகைத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். அவனுடைய 65ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மாமல்லபுரத்தில் இருக்கிறது.

முடி சூட வயது பார்ப்பதில்லை. தீர்ப்புச் சொல்ல, வரி வாங்க, படை அனுப்பத்தான் வயது வேண்டும். மன்னர் குழந்தையாகவோ தீராத நோயாளியாகவோ இருந்தால், ஊரைவிட்டே போய்விட்டால், அவர் பெயரில் இன்னொருவர் ஆள்வார். அவர்தான் ரீஜண்ட், அதாவது அரசப் பிரதிநிதி. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜின் மனநிலை குலைந்தபோது, 1811 முதல் 1820 வரை மகன் அப்படி ஆண்டார்.

நம் பக்கத்தில் இதற்குப் பேர்போனவர் ராணி மங்கம்மாள். 1689ல் மதுரையை ஆண்ட அவர் மகன் அம்மை கண்டு இறந்தார். அப்போது கருவுற்றிருந்த மருமகளும் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் போய்விட்டாள். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு மதுரை முடியைச் சூட்டி, பாட்டியே ஆண்டார். மொகலாயருக்குக் கப்பம் கட்டிப் போரைத் தவிர்த்தது கோழைத்தனமல்ல, கணக்கு. சாலையும் சத்திரமும் போட்டது இன்னும் பேசப்படுகிறது. பேரன் தலையெடுத்ததும் அவரைச் சிறைவைத்துப் பட்டினி போட்டார்கள் என்பது மதுரைப் பக்கத்துக் கதை. கதையோ நிஜமோ, பிரதிநிதியின் சிக்கல் அதில் இருக்கிறது: நன்றாக ஆண்டவரை இறக்கிவிடுவது சுலபமில்லை.

புதுக்கோட்டையில் பிரச்சினை வேறு. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனை வாரிசாக ஏற்க ஆங்கிலேயர் தயங்க, ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். அண்ணன் ரகுநாத பல்லவராயர் பிரதிநிதியாக இருந்து சமஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டார். 1928ல் ராஜா இறந்ததும் அரச குடும்பத்தைச் சேர்ந்த 6 வயது ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். நிர்வாகமோ அதிகாரிகள் கையில். முழு அதிகாரம் அவருக்குக் கிடைத்தது 1944ல். 1948 மார்ச்சில் சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது.