எடைமேடை நிற்காமல் சர்வரை மாற்றுவது எப்படி?

திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர்ப் பக்கம் போனால் ஜல்லி ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. கிரஷரை விட்டு வெளியே வருமுன் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் ஏறி இறங்கியிருக்கும். பக்கத்து அறையில், பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடும் ஒரு சர்வர் இருக்கும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முகப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும். லாரி எடை, வாடிக்கையாளர் பாக்கி, டேலி கணக்கு, ஆட்களின் சம்பளம் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான். அது நின்றால் வாசலில் லாரி நிற்கும்.

கிரஷர் பக்கத்துச் சர்வருக்கு மற்ற ஊர்ச் சர்வரைவிட ஆயுசு குறைவு. மூடியைக் கழற்றிப் பாருங்கள். ப்ராசஸரின் சூட்டை இறக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கல்தூள் படிந்து, மழைக்கால ஈரம் பட்டு, பூச்சு வேலை செய்ததுபோல இறுகியிருக்கும். காற்று நுழைய வழியில்லை. ஃபேன் முழு வேகத்தில் இரையும். சித்திரை வெயிலில் மத்தியானம் பெட்டி தானாக அணையும். ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தேதியைக் காட்டினால் உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது என்றால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

பெட்டி நன்றாக ஓடினாலும் உள்ளிருக்கும் மென்பொருளுக்குக் காலக்கெடு உண்டு. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கு 2020 ஜனவரி 14-லும், 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-லும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி வரைதான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு வழக்கமான அடைப்பு வராது.

புதுப் பெட்டி வாங்கும்போது சர்வீஸ்காரர் ‘வெர்ச்சுவல் மெஷின் போட்டுக்கலாம் சார்’ என்பார். அது வேறொன்றுமில்லை, ஒண்டுக்குடித்தனம். ஒரே கட்டடம், உள்ளே மூன்று நான்கு குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. தண்ணீரும் கரண்டும் யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர்தான் ஹைப்பர்வைசர். ஹைப்பர்‑வி, ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம்வேர் எல்லாம் அந்த வீட்டுக்காரர்களின் பெயர்கள். விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியதும், ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை நிறுத்திவிட்டது. சின்ன அலுவலகங்கள் மற்ற இரண்டின் பக்கம் போக அது ஒரு காரணம். வெர்ச்சுவல் மெஷினில் பெரிய லாபம், ஒரு குடித்தனம் முழுவதும் ஒருசில கோப்புகளாக இருப்பதுதான். நகலெடுத்து வேறு பெட்டியில் வைத்தால் அங்கேயும் எழுந்து ஓடும். ஆனால் கூரை விழுந்தால் எல்லாக் குடித்தனமும் தெருவுக்கு வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய பெட்டியை அப்படியே உரித்து வெர்ச்சுவல் மெஷினாக்கும் கருவிகள் இருக்கின்றன. நான் அதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். 2008-ன் ஓட்டைகள் புதுப் பெட்டிக்குள்ளும் அப்படியே வந்துசேரும். முதலில் ஒரு நோட்டில் அந்தச் சர்வர் செய்யும் வேலைகளை எழுதுங்கள். எது பக்கத்திலேயே இருக்க வேண்டும், எது தூரத்தில் இருக்கலாம் என்று பிரியுங்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் நம் பத்திரப்பதிவுத் துறை. முன்பு சார்பதிவாளர் அலுவலகங்களில் தனித்தனியாக ஓடிய வேலையை, 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்தபோது இணையவழியில் ஒரே மையத்துக்குக் கொண்டுபோனார்கள். வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே எடுக்க முடிவது பெரிய வசதி. ஆனால் இப்படி மையமாக்கிய எந்த வேலைக்கும் லைன்தான் உயிர்நாடி. பத்திரம் ஒருமணி நேரம் காத்திருக்கலாம். எடைமேடையில் ஏறி நிற்கும் லாரி காத்திருக்காது. கணக்கு கிளவுடுக்குப் போகட்டும், எடை போகக் கூடாது.

எடைமேடையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஒரு சீரியல் கேபிள் பழைய பெட்டியின் பின்பக்கத்தில் ஒன்பது பின் துளையில் செருகியிருக்கும். புதுச் சர்வரில் அந்தத் துளையே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் வெர்ச்சுவல் மெஷினுக்குள் அதைக் கொண்டுசேர்ப்பது தனி வேலை. எடைமேடை அறையில் ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்து, கேபிளையும் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் அதிலேயே மாட்டுங்கள். எடைப் பதிவு முதலில் அதில் விழட்டும், பிறகு சர்வருக்குப் போகட்டும். சர்வர் படுத்தாலும் சீட்டு வரும்.

உரிமங்களில் கவனம் வேண்டும். பெட்டியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். டேலி உரிமத்தைப் பழைய பெட்டியில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழைய கணக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்: ஜிஎஸ்டி சட்டம் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது, கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 8 ஆண்டு.

நாள் பார்ப்பதும் முக்கியம். மார்ச் கடைசி வேண்டாம். பலருக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை மாதத்தின் 11, 20 தேதிகளைச் சுற்றி இருக்கும். 20 கழிந்த ஞாயிறு வசதி. சனி மாலை டேட்டாபேஸை நிறுத்திய பிறகுதான் நகலெடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால் பாதி எழுதிய பதிவு வரும். புதியதற்குப் பழைய பெயரும் ஐபியும் கொடுப்பதாக இருந்தால், பழையதன் நெட்வொர்க் கேபிளை உருவிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் லைனில் இருந்தால் எல்லாம் குழம்பும்.

‘ரெய்டு இருக்கு, பேக்கப் எதுக்கு’ என்று கேட்பவர்கள் உண்டு. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து எழுதும் ஏற்பாடு; ஒரு டிஸ்க் போனால் அது தாங்கும். தவறி அழித்ததையும், வைரஸ் பூட்டியதையும் அது எல்லா டிஸ்க்கிலும் அப்படியே செய்துவிடும். ஒரு பிரதி சர்வரில், இன்னொன்று கழற்றி எடுத்துவைக்கும் டிஸ்க்கில், மூன்றாவது கிரஷர் வளாகத்துக்கு வெளியே. எடுத்த பேக்கப்பை ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் விரித்து, ஏதாவதொரு லாரி நம்பரைப் போட்டு, அன்றைய எடை வருகிறதா என்று பாருங்கள். விரித்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

திங்கள் காலை முதல் லாரி ஏறும்போது எடைமேடையில் நீங்களும் நில்லுங்கள். காலி எடை, பார எடை, நிகர எடை மூன்றும் சீட்டில் சரியாக வந்து, அதே எண் டேலியில் பில்லாக விழுந்தால் பாதி நிம்மதி. பழைய பெட்டியை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். தூசு தட்டி, துணி போர்த்தி, அணைத்தபடியே வைத்திருங்கள். இரண்டு ரிட்டர்ன் சிக்கலில்லாமல் போன பிறகு, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுத் தூக்கலாம்.