மணம் வராத மெழுகுவர்த்தி: குறை எங்கே?

வாசனை மெழுகுவர்த்திகளுக்கு வாங்கியவர்கள் எழுதும் ரிவ்யூக்களைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒருவர் ஐந்து ஸ்டார் கொடுத்து, "வீடே மணக்குது" என்பார். அவருக்குக் கீழேயே இன்னொருவர் ஒரு ஸ்டார் கொடுத்து, "மூக்கை ஒட்டி வெச்சாலும் ஒண்ணும் வரல" என்பார். மூன்றாமவருக்கு அதே மெழுகுவர்த்தியால் தலைவலி.

மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய காட்சிதான். ஒரே புரோகிராம், மூன்று பக் ரிப்போர்ட், மூன்றும் ஒன்றோடொன்று இடிக்கும். அப்போது புரோகிராமை மட்டும் பார்த்தால் போதாது, அது ஓடும் இடத்தையும் பார்க்கணும். மெழுகுவர்த்திக்கும் அதே கதைதான்.

பிடித்தவை பட்டியல் சிறியது: மணம், கண்ணாடி ஜாடியின் அழகு, தீர்ந்த பிறகு ஜாடியைப் பேனா போட்டு வைக்கலாம் என்ற லாபம். பிடிக்காதவை நிறைய: உடைந்து வந்தது, படத்தில் பெரிதாக இருந்தது கையில் சின்னதாக இருக்கிறது, புகைக்கரி, நடுவில் மட்டும் குழி விழுந்து எரிகிறது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: மணமே இல்லை.

இதற்குச் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்.

1. மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தி செய்பவர்கள் மணத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். பற்ற வைக்காமலே வருவது 'கோல்ட் த்ரோ', எரியும்போது வருவது 'ஹாட் த்ரோ'. கடையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது முதல் வகை. வீட்டில் நமக்கு வேண்டியது இரண்டாவது.

மணம் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை. சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்து வாசனை எண்ணெய் ஆவியாகி வருகிறது. குளம் சின்னதென்றால் மணமும் கம்மி. முதல் தடவை பற்ற வைத்து, குளம் ஜாடியின் ஓரத்தைத் தொடும் முன்பே அணைத்துவிட்டால், அடுத்த தடவையும் மெழுகு அந்த வட்டத்துக்குள்தான் உருகப் பார்க்கும். அந்தக் குழிப் புகார் பல சமயம் இப்படித்தான் பிறக்கிறது. திரி மெல்லியதாக இருந்தாலும் இதே கதிதான், அது தயாரிப்பாளரின் குறை. திரி ரொம்ப நீளமென்றால் சுடர் பெரிதாகிக் கரி படியும். ஏற்றும் முன் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கச் சொல்வது இதனால்தான்.

2. அறை

குளியலறையில் தூக்கலாக இருக்கும் அதே மெழுகுவர்த்தி பெரிய ஹாலில் காணாமல் போகும். நம்ம ஊர் வீடுகளில் தலைக்கு மேல் ஃபேன் வேறு. காற்றில் சுடர் ஆடினால் மெழுகு ஒரு பக்கமாக உருகும், கரியும் கூடும், வந்த மணமும் ஜன்னல் வழியே போய்விடும்.

3. மூக்கு

ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். வெளியே போய்விட்டு வந்தால் திரும்பத் தெரியும். இது எல்லோருக்கும் பொது.

பிறவியிலேயே வரும் வித்தியாசமும் உண்டு. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண உணர்விகள் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் மாறும். வயலெட் பூவின் மணத்தில் 'பீட்டா அயனோன்' என்று ஒரு பொருள் உண்டு. அதைச் சிலர் எளிதில் உணர்கிறார்கள், சிலருக்கு அது தெரிவதே இல்லை. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ஓஆர்5ஏ1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது. அப்படியானால் ஐந்து ஸ்டார் கொடுத்தவரும் ஒரு ஸ்டார் கொடுத்தவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மூக்குகள் மொத்தமாக மாறியபோது

2020 நவம்பரில், அமெரிக்காவில் ஓர் அறிவியல் ஓவியர் ட்விட்டரில் ஒன்றைக் கவனித்து எழுதினார்: யாங்கீ கேண்டில் வாங்கியவர்கள் பலர் மணமே இல்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள், இது கொரோனாவாக இருக்குமோ? சில நாட்களில் கேட் பெட்ரோவா என்ற ஆய்வாளர் அமேசான் ரிவ்யூக்களை வரைபடமாகப் போட்டார். முன்னணி வாசனை மெழுகுவர்த்திகளின் சராசரி, அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஏறக்குறைய ஒரு ஸ்டார் சரிந்திருந்தது. வாசனை இல்லாத மெழுகுவர்த்திகளில் சரிவு மிகக் குறைவு. இந்த ஒப்பீடுதான் முக்கியம். கூரியர் தாமதமோ லாக்டவுன் எரிச்சலோ காரணமென்றால் இரண்டுமே ஒரே மாதிரி இறங்கியிருக்கணும்.

குளிர்காலத்தில் இந்தப் புகார் எப்போதுமே கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நிக் பீச்சம் 2022 ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் தொற்று எண்ணிக்கையோடு சேர்ந்தே 'மணமில்லை' ரிவ்யூக்கள் ஏறி இறங்கின. பெர்ஃப்யூம் ரிவ்யூக்களிலும் அது தெரிந்தது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளின் ஃப்ளூவில் தெரியவில்லை.

வைரஸ் முக்கியமாகத் தாக்கியது மணத்தை உணரும் நரம்புச் செல்களை இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியதற்கு இது ஒரு காரணம். ஒரு ஸ்டார் கொடுத்தவர்களில் சிலர், தங்கள் நோயின் அறிகுறியைத் தாங்களே பதிவு செய்துவிட்டு, அதை மெழுகுவர்த்தியின் குறை என்று நம்பியிருக்கிறார்கள். நாற்றம் போனால் ஆபத்தும் இருக்கிறது: கேஸ் கசிந்தால் தெரிவதற்காகச் சேர்க்கும் வாடையும் அவர்களுக்குத் தெரியாது.

அதனால் ரிவ்யூ படிக்கும்போது ஸ்டாரை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பாருங்கள். எவ்வளவு பெரிய அறை, எத்தனை மணி நேரம் எரிந்தது என்று சொல்லும் மூன்று ஸ்டார் ரிவ்யூ, வெறும் "சூப்பர்" என்ற ஐந்து ஸ்டாரைவிடப் பயன்படும். உங்கள் மெழுகுவர்த்தி திடீரென்று மணக்கவில்லையா? கடைக்காரரைத் திட்டும் முன் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அதுவும் மணக்கவில்லை என்றால், பார்க்க வேண்டியது டாக்டரை.