அட்வான்ஸ் வாங்கிட்டா தறியை விட்டுப் போக முடியாதா?

வெண்ணந்தூர் பக்கம் போனா முதல்ல கேட்கிறது தறிச் சத்தம்தான். விசைத்தறி வேலைக்குச் சேரும்போது அட்வான்ஸ் வாங்குறது இந்தப் பக்கம் பழைய வழக்கம். கடன் வாங்குறது தப்பில்ல. ஆனா, "கடன் தீர்ற வரை வேற தறிக்குப் போகக் கூடாது"ன்னு ஓனர் சொன்னா? அங்கதான் சட்டம் உள்ள வருது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. அதோட 6-வது பிரிவைப் படிச்சப்ப நானே ஆடிப்போயிட்டேன். ஆளைக் கட்டிப்போடுற அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுற பொறுப்பே ரத்து! கையெழுத்துப் போட்ட பத்திரமும் செல்லாது. 1982-ல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்கினாலே கட்டாய உழைப்புதான். கட்டாய உழைப்புக்கு எதிரான ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா 1954-லயே ஏத்துக்கிட்டாச்சு.

மனு கொடுக்க ஜெனீவா வரை போக வேண்டாம். ராசிபுரத்துல பஸ் ஏறினா நாமக்கல் கலெக்டர் ஆபீஸ். விசாரிச்சு உண்மைன்னு தெரிஞ்சா விடுவிப்புச் சான்றிதழ் தரணும். மறக்காம அதைக் கேட்டு வாங்குங்க. அரசு மறுவாழ்வு உதவிக்கு அதுதான் முதல் பேப்பர்.