‘ஓடவே ஓடாத வண்டி’யில் ஒளிந்திருக்கும் செலவு: பழைய கார் வாங்கும்முன் இன்ஜினின் பூர்வீகத்தைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கத் தெரிந்தவர்கள், எனாமல் கிண்ணத்தை எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஸ்வீடனில் செய்ததா, வேறு எங்கிருந்து வந்தது என்பதை அடியில் இருக்கும் முத்திரை சொல்லிவிடும். கிண்ணத்துக்கே இவ்வளவு விசாரிக்கிற நாம், மூன்று லட்ச ரூபாய்க்குப் பழைய கார் வாங்கும்போது பெயின்ட்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறோம்.

செட்டிநாட்டுப் பக்கம் கார் பார்க்கப் போனால் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். “செட்டியார் வீட்டு வண்டி தம்பி. அவுக எல்லாரும் சென்னையில இருக்காக. கோயில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தா மட்டும் எடுப்பாக. பத்து வருசத்துல முப்பதாயிரம் கிலோமீட்டர்தான்!” சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்த வண்டிக்குள் இருப்பது டைமிங் பெல்ட் என்றால், குறைவாக ஓடியது மட்டுமே நிம்மதி தராது.

இன்ஜினில் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைப்பது ஒரு செயின், அல்லது பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். பிஸ்டன் மேலே வந்து, திறந்தபடி நிற்கும் வால்வில் மோதும். கார் டீசல் இன்ஜின்களில் இந்த மோதலைத் தவிர்க்க வழியே இல்லை. வால்வு வளைந்து, ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்கும் செலவு, பெல்ட் மாற்றும் செலவைப்போலப் பல மடங்கு.

ரப்பர் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடிக்கும். அதனால்தான் கையேட்டில் பெல்ட்டுக்கு ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது’ என்று போடுகிறார்கள். வண்டி விற்பவர் கிலோமீட்டரை மட்டும் சொல்வார். ஆண்டை நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, உள்ளே இருப்பது பெல்ட்டா செயினா? முகப்பில் இருக்கும் லோகோவை வைத்துச் சொல்ல முடியாது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகியவற்றில் வந்த 1,248 சிசி டீசல் அடிப்படையில் ஒரே இன்ஜின்தான். இத்தாலியின் ஃபியட் உருவாக்கிய மல்டிஜெட். இதில் இருப்பது செயின். மாருதி இதற்கு டிடிஐஎஸ் என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் பெயர் வைத்தன. மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது இதைக் கைவிட்டது. அதேபோல ரெனோ டஸ்டர், நிசான் சன்னி, மஹிந்திரா வெரிட்டோ மூன்றிலும் இருக்கும் 1,461 சிசி டீசல், ரெனோவின் கே9கே. அது பெல்ட். வெரிட்டோவை மஹிந்திரா என்று நினைத்து வாங்கினாலும் இன்ஜின் பிரெஞ்சுக்காரருடையது!

ஒரே பெயரில் வரும் காரிலும் இரண்டும் உண்டு. ஹூண்டாய் ஐ10-ல் 1,086 சிசி என்றால் பெல்ட். 1,197 சிசி கப்பா என்றால் செயின். கோயில் சுற்றுலா டாக்ஸிகளில் பார்க்கும் பழைய 2.5 லிட்டர் இன்னோவா டீசலில் பெல்ட், 2016-ல் வந்த கிரிஸ்டாவின் 2.4 லிட்டரில் செயின்.

ஆகவே முதலில் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். சிசி, இன்ஜின் எண், தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் எண்ணின் தொடக்க எழுத்துகளே பெரும்பாலும் குடும்பப் பெயர்: மாருதியில் டி13ஏ என்று தொடங்கினால் அந்த ஃபியட் டீசல். பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். பெல்ட் பொதுவாக உலர்ந்த இடத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். செயின் ஆயிலில் நனைந்தபடி, ஆயில் கசியாமல் இறுக்கிய உலோக மூடிக்குள் ஓடும். விதிவிலக்கும் உண்டு. ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்ட்டில் பெல்ட்டே ஆயிலுக்குள்தான் ஓடுகிறது. அங்கே மூடியைப் பார்த்து ஏமாறலாம்.

“பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சுண்ணே” என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டை மாற்றிவிட்டு இப்படிச் சொல்பவர்கள் உண்டு. டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றும் பில்லில் இருக்கிறதா, எந்தத் தேதியில் மாற்றியது என்று பாருங்கள். பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பேரத்தில் கழிப்பதுதான் என் கணக்கு.

செயின் வண்டி என்றால் கவலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் நீளும், டென்ஷனர் தளரும். இரவெல்லாம் நின்ற வண்டியை முதலில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி ‘கடகட’ சத்தம் கேட்கும். இன்ஜின் சூடானபின் அது அமுங்கிவிடலாம். அதனால் பார்க்கப் போகும்முன்பே போன் போட்டு, “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.